நன்றி அறிதலும் நேர்மறைச் சிந்தனையும்: வ. உ. சி.யின் வாழ்விலிருந்து

நன்றி அறிதல் என்பது ஒருவர் தமக்குக் கிடைத்த நன்மை யாரிடமிருந்து, எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு அதை நினைவில் வைத்திருப்பது. நேர்மறைச் சிந்தனை என்பது நேர்ந்த துன்பத்தை மறைக்காமல், அந்த நிலையிலும் செய்யக்கூடியது எது என்று தேடும் மனப்பழக்கம். இவை இரண்டையும் பற்றித் தன்னம்பிக்கை நூல்களும் பள்ளி விழாப் பேச்சுகளும் கைப்பேசிக் காணொளிகளும் இன்று ஓயாமல் பேசுகின்றன. இதனால் இவை அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்ற எண்ணம் மாணவர்களிடம் உள்ளது. நேர்மறைச் சிந்தனையைப் பற்றித் தமிழில் வெளிவந்த தொடக்ககால நூல்களுள் ஒன்று 1909ஆம் ஆண்டிலேயே அச்சாகிவிட்டது. 'மனம் போல வாழ்வு' என்ற அந்த நூலை மொழிபெயர்த்தவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. நூல் வெளிவந்தபோது அவர் கோயம்புத்தூர்ச் சிறையில் கடுங்காவல் கைதி.

கப்பலோட்டிய தமிழராகவும் செக்கிழுத்த செம்மலாகவும் அறியப்படும் வ. உ. சி.க்கு இப்படி ஒரு பக்கமும் உண்டு. நல்ல எண்ணத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். தாம் எழுதியதை இவ்வளவு கடுமையான நிலையில் சோதித்துப் பார்க்க நேர்ந்தவர்கள் குறைவு.

பின்னணி

வ. உ. சி. 1872 செப்டம்பர் 5 அன்று அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அது கரிசல் பூமி; தாமிரபரணியின் வாய்க்கால்கள் எட்டாத ஊர். தந்தை உலகநாத பிள்ளை, தாய் பரமாயி. வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய அவர் பிறகு தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்தை ஆங்கிலேய நிறுவனம் தன் கைக்குள் வைத்திருந்த காலத்தில், 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. விபின் சந்திர பாலின் விடுதலையை ஒட்டி, மார்ச் 9 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள தைப்பூச மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மார்ச் 12 அன்று வ. உ. சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த மக்கள் கொந்தளிப்பில் போலீசார் சுட்டதில் நான்கு பேர் இறந்தனர்.

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ. உ. சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது பெரிதும் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் இயந்திரம் சுற்றும் வேலை, கைத்தோல் உரிந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்கும் வேலை. 1910 இறுதியில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பர் 24 அன்று அங்கிருந்து விடுதலையானார். வெளியே வந்தபோது கம்பெனி கலைந்துவிட்டிருந்தது. வழக்கறிஞர் சன்னதும் பறிபோயிருந்தது. சிறைக்குப் போகும்போது ஊரே கொந்தளித்தது. திரும்பி வந்தபோது வரவேற்க வந்தவர்கள் ஒரு சிலர்தான்.

ஜேம்ஸ் ஆலனின் நூல்கள்

'மனம் போல வாழ்வு' நூலின் மூலத்தை எழுதியவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1864இல் பிறந்த ஜேம்ஸ் ஆலன். அவருக்கு 15 வயதாக இருந்தபோது, பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கேயே இறந்தார். ஆலன் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். பிற்காலத்தில் இல்ஃபிரகூம் என்ற கடற்கரை ஊரில் மனைவியோடு எளிமையாக வாழ்ந்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டாகச் சிறு நூல்களை எழுதினார். 1912இல் மறைந்தார்.

'மனம் போல வாழ்வு' நூலைத் தொடர்ந்து, ஆலனின் வேறு நூல்களை 'அகமே புறம்' (1914), 'வலிமைக்கு மார்க்கம்' (1916), 'சாந்திக்கு மார்க்கம்' (1934) என்ற பெயர்களில் வ. உ. சி. தமிழாக்கினார். முதல் நூலுக்கும் கடைசி நூலுக்கும் இடையே 25 ஆண்டுகள். சிறையில் ஆறுதலுக்காகப் படித்துவிட்டு ஒதுக்கிய ஆசிரியர் அல்லர் ஆலன் என்பது இதிலிருந்து தெரிகிறது.

தலைப்புகளைக் கவனித்தால் மொழிபெயர்ப்பாளரின் நோக்கம் விளங்கும். ஆலனின் மூல நூல் ஒன்றின் பெயரில் வறுமையிலிருந்து அதிகாரத்துக்குச் செல்லுதல் என்ற கருத்து இருந்தது. அதன் முதற்பகுதிக்குச் செழிப்பின் பாதை என்று பெயர். வ. உ. சி. வைத்த பெயரிலோ செல்வமும் இல்லை, செழிப்பும் இல்லை. வலிமை என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். நல்லெண்ணம் பணத்தைக் கொண்டுவந்து கொட்டும் என்று வாசகருக்கு ஆசை காட்டும் தலைப்பாக அது இல்லை. அவர் அப்போது சென்னையில் வறுமையில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சொல் மாற்றம் தற்செயலாகத் தோன்றவில்லை.

சிறைக்காலம் அவருடைய சொந்த எழுத்தையும் வளர்த்தது. 1914இல் வெளிவந்த 'மெய்யறம்' திருக்குறளை முன்மாதிரியாகக் கொண்ட அறநூல். மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதிகள். மொத்தம் 125 அதிகாரங்கள். வ. உ. சி. நூலை மாணவரியலில் தொடங்கியது கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டு 'மெய்யறிவு' வந்தது.

எண்ணமும் சூழ்நிலையும்

மனிதனின் வாழ்வு அவனது எண்ணத்தின் விளைவு என்பது ஆலனின் அடிப்படைக் கருத்து. மனத்தை அவர் ஒரு தோட்டத்துக்கு ஒப்பிடுகிறார். பயிர் செய்யாமல் விட்டாலும் அதில் ஏதாவது முளைக்கும். அது களையாக இருக்கும். சூழ்நிலை மனிதனை உருவாக்குவதில்லை, உள்ளே இருப்பதை வெளிக்காட்டுகிறது என்ற அளவுக்கு அவர் போகிறார்.

இங்கே ஒரு சிக்கல் உள்ளது. சூழ்நிலை எண்ணத்தின் விளைவு என்றால், பட்டினி கிடப்பவர் தப்பாக எண்ணியதால் பட்டினி கிடக்கிறார் என்று ஆகிவிடும். கோரல் ஆலையில் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தவர்களிடம் போய், உங்கள் எண்ணத்தைத் திருத்துங்கள் என்று சொல்ல முடியுமா? வ. உ. சி. அப்படிச் சொல்லவில்லை. அவர்களோடு நின்று வேலைநிறுத்தம் செய்தார். கப்பல் கட்டணத்தில் ஏகபோகம் இருந்தபோது மனத்தைச் சாந்தப்படுத்திக்கொண்டு உட்காரவில்லை. பங்கு திரட்டிக் கப்பல் வாங்கினார்.

ஆகவே ஆலனை அவர் எடுத்துக்கொண்ட விதத்தை அவருடைய செயலை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். மாற்றக்கூடிய சூழ்நிலையை மாற்றுவதற்கு அமைப்பும் உழைப்பும் போராட்டமும் வேண்டும். மாற்ற முடியாத சூழ்நிலையில், உதாரணமாகச் சிறையறையில், மனம் நொறுங்காமல் இருக்க ஆலன் சொன்ன பயிற்சி உதவும். இந்த எல்லை மறந்துபோகும்போது நேர்மறைச் சிந்தனை, துன்பப்படுபவரையே குற்றவாளியாக்கும் பேச்சாக மாறிவிடுகிறது. இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சுகள் பலவற்றில் இந்தக் குறை இருக்கிறது. தேர்வில் தோற்ற மாணவனிடம் 'உனக்கு நம்பிக்கை போதவில்லை' என்று சொல்வது எளிது. அவன் வீட்டில் படிக்க இடம் இருந்ததா, பாடம் நடத்த ஆசிரியர் இருந்தாரா என்று கேட்பது அதைவிடப் பயனுள்ளது.

நன்றி என்னும் சொல்

ஒருவருக்கொருவர் 'நன்றி' என்று வாய்விட்டுச் சொல்வது தமிழ்ப் பேச்சு வழக்கில் பழையதன்று. மேடைப் பேச்சிலும் கடிதத்திலும் அறிவிப்பிலும் அது நன்றாகப் பொருந்துகிறது. வீட்டில் அம்மாவிடம் சொன்னால் அவர் ஒரு கணம் திகைப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் கொடுத்த பிள்ளையிடம் பெரியவர் 'நீ நல்லா இருப்பே' என்பார். உதவியவரை வாழ்த்துவதே அங்கு நன்றி சொல்லும் முறை.

பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை, ஒருவர் செய்த உதவி. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். பிறர் செய்த நன்மையை அறிந்திருத்தல் என்பது அதன் பொருள். சொல்லுதல் என்று இல்லாமல் அறிதல் என்று இருப்பதில் நுட்பம் உள்ளது. எதிரே நிற்பவரிடம் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மறந்துவிடலாம். அறிதலுக்கு விவரம் வேண்டும்: யார், எப்போது, என்ன செய்தார், அவருக்கு அதில் என்ன சிரமம் இருந்தது. வ. உ. சி. குறளில் ஊறியவர். அறத்துப்பாலுக்கு அவர் எழுதிய உரை 1935இல் வெளிவந்தது. அவருடைய வாழ்க்கையில் நன்றி இந்த விவரமான வடிவத்தில்தான் காணப்படுகிறது.

பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள்

பேரன் என்ற உறவுச் சொல்லுக்குள்ளேயே பெயர் இருக்கிறது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். குடும்பத்தில் மூத்தவரின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது தமிழரிடம் பரவலான வழக்கம். வ. உ. சி. இந்த வழக்கத்தைக் குடும்பத்துக்கு வெளியே விரித்தார்.

தமக்கு உதவிய ஆறுமுகம் பிள்ளையின் நினைவாக ஒரு மகனுக்கு ஆறுமுகம் என்று பெயர் வைத்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து உதவிய வேதியப் பிள்ளையின் நினைவாக மகளுக்கு வேதவல்லி என்று பெயர். கடைசி மகனின் பெயர் வாலேஸ்வரன். கேட்பவருக்கு ஏதோ ஓர் ஊரில் கோயில் கொண்ட சிவபெருமானின் பெயர் போலத் தோன்றும். அதற்குள் இருப்பவர் ஈ. எச். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. இழந்த வழக்கறிஞர் சன்னது வ. உ. சி.க்குத் திரும்பக் கிடைக்க உதவியவர் அவர். அதன் பிறகுதான் வ. உ. சி. கோவில்பட்டியில் மீண்டும் தொழில் நடத்த முடிந்தது.

ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர் தம் மகனுக்கு ஆங்கிலேய நீதிபதி ஒருவரின் பெயரை வைக்கிறார். அதே நீதித்துறையைச் சேர்ந்த இன்னொருவர்தான் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தவர். ஆட்சி மீதான எதிர்ப்பு, அதில் இருந்த ஒரு மனிதர் செய்த நன்மையை மறைக்கவில்லை. அந்த நன்மையும் ஆட்சி பற்றிய அவருடைய கருத்தை மாற்றவில்லை. இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பது அவ்வளவு எளிதான செயல் அன்று. ஒருவர் மேல் கோபம் வந்தால் அவர் இனத்தையும் ஊரையும் சேர்த்து வெறுப்பதுதான் மனத்தின் இயல்பு.

இந்த வழக்கம் வ. உ. சி.யோடு நின்றுவிடவும் இல்லை. தேனி மாவட்டத்தில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள் உண்டு. அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதால், அவருக்கும் பொங்கலிடும் ஊர்கள் அங்கே உள்ளன.

347 ரூபாய் 12 அணா

உதவி செய்பவரைப் பற்றி அறநூல்கள் நிறையப் பேசுகின்றன. உதவி பெறுபவரின் சங்கடத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. வ. உ. சி.க்கும் காந்திக்கும் இடையே 1915, 1916 ஆண்டுகளில் நடந்த கடிதப் போக்குவரத்து அந்தச் சங்கடத்தைக் காட்டுகிறது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ. உ. சி.க்கென்று பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். காந்தி இந்தியா திரும்பியபின் 1915இல் சென்னைக்கு வந்தார். அந்தப் பணம் உடனே கைக்கு வரவில்லை. கடிதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. 1916இன் தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தத் தொகையையே தலைப்பில் சேர்த்து இக்கடிதங்களைப் பற்றி ஒரு நூல் எழுதியுள்ளார்.

ஒரு காலத்தில் கம்பெனிக்காக லட்சக்கணக்கில் பங்கு திரட்டியவர் அப்போது சென்னையில் குடும்பத்தை நடத்தவே திண்டாடினார். கடிதத்தில் அவர் தம் நிலையை மறைக்கவில்லை. தம்முடைய இன்றைய நிலையில் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்வதற்கு வழியில்லை என்ற கருத்தைப் பணிவோடு, ஆனால் தாழ்ந்துபோகாமல் எழுதினார். தமக்கு உரியது வர வேண்டும் என்று மீண்டும் மீண்டும் நினைவூட்டினார்.

நன்றியுள்ளவர் எதையும் கேட்கக் கூடாது, கிடைத்ததைக் கொண்டு மகிழ வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. வ. உ. சி. அப்படி நடக்கவில்லை. உதவியவர்களை மறக்கவும் இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடவும் இல்லை. மகளின் பெயரில் தென்னாப்பிரிக்க நண்பரை நினைத்த அதே மனிதர்தான் பணம் என்ன ஆயிற்று என்று கடிதம் எழுதியவரும்.

உப்பும் விசுவாசமும்

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழி உப்பளம் நிறைந்த தூத்துக்குடிச் சீமையில் தினமும் காதில் விழக்கூடியது. நல்ல பழமொழிதான். ஆனால் இதைச் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். உண்டவர் தாமாக நினைத்தால் அது நன்றி. 'எங்கள் உப்பைத் தின்றுவிட்டு எங்களையே எதிர்க்கிறாயா' என்று முதலாளியோ நிலக்காரரோ கேட்டால் அது மிரட்டல். கூலி கொடுத்தவர் அதை உதவி போலக் காட்டி, வேலை செய்தவரிடம் அடங்கி நடக்கச் சொல்வது பழைய தந்திரம்.

உழைப்புக்குக் கிடைக்கும் கூலி உரிமை. அதற்கு முறையான நடத்தை போதும், அடிமைத்தனம் வேண்டியதில்லை. கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நன்றி மறந்த செயல் என்று சொல்ல முடியாது. மாணவர்களுக்கும் இந்த வேறுபாடு தேவைப்படுகிறது. பள்ளியில் மதிய உணவு கிடைப்பது சட்டப்படியான உரிமை. அந்த உணவைக் கரண்டியில் ஒரு பிடி கூடுதலாக வைத்து 'நல்லா சாப்பிடு' என்று சொல்லும் சமையலம்மாவின் அன்புக்கு நன்றி அறிவது வேறு.

ஆய்வுகள் கூறுவது

நன்றியுணர்வு பற்றிய உளவியல் ஆய்வுகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை நன்றிக்குரிய ஐந்து செய்திகள் வரை வாரந்தோறும் எழுதச் சொன்னார்கள். இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. மூன்றாவது குழு பொதுவான நிகழ்ச்சிகளை எழுதியது. நன்றிக் குறிப்பு எழுதியவர்கள் தங்கள் வாழ்வு குறித்தும் வரப்போகும் வாரம் குறித்தும் நல்லபடியாக உணர்ந்தனர். மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், உதவியவரிடம் நேரில் சென்று நன்றிக் கடிதத்தைப் படித்துக் காட்டியவர்களின் மகிழ்ச்சி உடனடியாக மிகவும் கூடியது. ஆனால் சில மாதங்களில் மங்கிவிட்டது. தினமும் மூன்று நல்ல நிகழ்ச்சிகளையும் அவற்றின் காரணத்தையும் எழுதியவர்களிடம் பயன் ஆறு மாதம் வரை தெரிந்தது. இவ்வகைப் பயன்கள் உண்மையானவை, ஆனால் அளவானவை என்பதே பிற்கால மதிப்பீடு. மனச்சோர்வு நோய்க்கு மருத்துவ உதவி வேண்டும். குறிப்பேடு அந்த இடத்தை நிரப்பாது.

நேர்மறைச் சிந்தனை பற்றிய முடிவுகள் இன்னும் எச்சரிக்கையானவை. கனடாவில் ஜோவன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுபவர்கள் 'நான் அன்புக்குரியவன்' போன்ற வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை முன்பைவிட மோசமானது. ஜெர்மனியில் கேப்ரியல் எட்டிங்கன் வேலை தேடும் பட்டதாரிகளை ஆராய்ந்தார். வேலை கிடைத்துவிட்டதாக இனிய கனவுகளில் மூழ்கியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வேலை வாய்ப்பும் சம்பளமும் குறைவாக இருந்தன. தம்மால் முடியும் என்று காரணத்தோடு எதிர்பார்த்தவர்கள் நல்ல நிலையில் இருந்தனர். கனவும் எதிர்பார்ப்பும் ஒன்றல்ல என்பது இதன் சாரம். கனவில் மனம் வெற்றியை முன்கூட்டியே அனுபவித்துவிடுவதால் உழைப்பதற்கான வேகம் குறைந்துவிடுகிறது.

அன்றாட வாழ்வில்

நன்றிக் குறிப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் 'குடும்பம், ஆரோக்கியம், நண்பர்கள்' என்று எழுதத் தொடங்குவார்கள். மூன்றாம் நாள் அலுத்துவிடும். ஏனெனில் அதில் அறிவதற்கு ஒன்றுமில்லை. வ. உ. சி.யின் முறையில் பெயர் வேண்டும், செயல் வேண்டும். பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவி 'நண்பர்களுக்கு நன்றி' என்று எழுதுவதைவிட, 'நேற்று மழையில் பேருந்து வராதபோது தன் வீட்டுக்குத் தாமதமாகும் என்று தெரிந்தும் என்னைச் சந்திப்பு நிலையம் வரை கொண்டுவந்து விட்டவள்' என்று பெயரோடு எழுதினால் நினைவு நிற்கும். தினமும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கியின் ஆய்வில், வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒரு முறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது.

எழுதியது நோட்டிலேயே தங்கிவிடாமல் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து ஒருமுறை போய்ப் பார்க்கலாம். போகும்போது பொன்னாடை வேண்டியதில்லை. அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்று சொன்னால் போதும். பல ஆசிரியர்கள் அதை அறியாமலேயே ஓய்வு பெறுகிறார்கள்.

நெல்லைச் சீமையில் பிள்ளைகளுக்கென்றே ஒரு பழைய வழக்கம் உண்டு. மார்கழி மாதத்தில் வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப் பூவைச் செருகுவார்கள். பிறகு அதை வரட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தையில் சிறுமிகள் மண்ணால் சிறு வீடு கட்டி அதற்கு முன் பொங்கலிடுவர். இது சிறுவீட்டுப் பொங்கல். முடிந்ததும் அந்தப் பூ வரட்டிகளை ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுவார்கள். ஒரு மாதம் முழுவதும் சேர்த்ததைத் தண்ணீருக்குக் கொடுக்கும் இந்தச் சடங்கில் நன்றி என்ற சொல்லே வராது. எட்டு அணைக்கட்டுகள் வழியாகக் காரும் பிசானமுமாக இருபோகம் விளையவைக்கும் ஆற்றங்கரையில், தண்ணீரோடு இப்படி ஓர் உறவு இருப்பது வியப்பில்லை. அந்த ஆற்றில் இன்று சாக்கடையும் பழந்துணியும் சேர்கின்றன. வரட்டி விடுவதோடு ஆற்றுக்குச் செய்ய வேண்டியது தீர்ந்துவிடாது.

நேர்மறைச் சிந்தனைக்கும் இப்படி ஒரு நடைமுறை வடிவம் உண்டு. படுக்கும் முன் 'நான் வென்றுவிடுவேன்' என்று பத்து முறை சொல்வதற்குப் பதிலாக, நாளை தடுக்கப்போவது எது, அது வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதலாம். கணக்குப் பாடத்தில் ஒரு பகுதி புரியவில்லை என்றால் 'புரியவில்லை' என்றே எழுத வேண்டும். அதன் கீழே யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்று எழுதலாம். சிறையறைக்குள் வ. உ. சி.யால் கப்பலை மீட்க முடியவில்லை. அங்கே செய்ய முடிந்தது படிப்பதும் மொழிபெயர்ப்பதும் பாட்டு எழுதுவதும். அதைச் செய்தார்.

இறுதி ஆண்டுகள்

கோவில்பட்டியில் தொழில் செய்த வ. உ. சி. 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். நண்பர்களையும் வழிகாட்டிகளையும் பற்றி எழுதுவது அவருடைய பிற்காலப் பணிகளுள் ஒன்றாக இருந்தது. திலகரின் வாழ்க்கை வரலாற்றை இலங்கை 'வீரகேசரி' இதழில் எழுதினார். பாரதியாரோடு பழகிய நாட்களைப் பற்றிய நினைவுகளையும் எழுதி வைத்தார். கோயம்புத்தூர்ச் சிறையில் இருந்தபோது உதவிய வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார் பிற்காலத்தில் பெரியபுராண உரையாசிரியராகப் புகழ்பெற்றார்.

வறுமை கடைசிவரை விடவில்லை. தம் சட்டப் புத்தகங்களை விற்கும் நிலையும் வந்தது. மறைவதற்கு முன் எழுதிவைத்த உயிலில் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிகளும் குறிக்கப்பட்டிருந்தன. கடனுக்குச் சாமான் கொடுத்தவர்களின் கணக்கும் அவருக்கு நினைவில் இருந்தது. 1936 நவம்பர் 18 அன்று, அவர் விரும்பியபடியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. செய்யுள் வடிவில் அவர் எழுதிய சுயசரிதை பத்து ஆண்டுகள் கழித்து, 1946இல் வெளிவந்தது.